மூடியபின் நடப்பது

பாட்டிலைத் திறந்ததும் ‘புஸ்’ஸென்று சீறுகிற வாயு அதற்குள் போவதற்கு இரண்டே வழிதான் உண்டு. வெளியிலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே அது பிறக்க வேண்டும். கோலி சோடா முதல் வகை. இரும்புச் சட்டத்தில் பாட்டிலைப் பொருத்தி, சிலிண்டர் வாயுவை ஏற்றித் தலைகீழாகச் சுழற்றினால் கோலி உருண்டு கழுத்துக்கு வரும். அங்குள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அதை அழுத்திப் பிடித்துக்கொள்வது உள்ளே அடைபட்ட வாயுவேதான். மும்பைக்காரர்கள் கோட்டி சோடா என்று சொல்லும் இந்தப் பாட்டிலுக்கு ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கினார். 1889-ல் தின்ஷாஜி பண்டோல் என்ற பார்சிக்காரர் தொடங்கிய டியூக்ஸ் நிறுவனத்தின் பானங்களும் அப்படி வாயு ஏற்றியவைதான். 1994-ல் அது பெப்சியின் கைக்குப் போனது. டியூக்ஸ் ஆலை இருந்தது மும்பையின் செம்பூரில் என்பதால், அங்கே வளர்ந்த தமிழர்கள் பலருக்கு ராஸ்பெர்ரி சோடாவும் ஜிஞ்சர் சோடாவும் பக்கத்துத் தெருச் சரக்கு மாதிரி.

இரண்டாம் வழிக்கு சிலிண்டரும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அந்த வாயு காற்றோடு போய்விடும். இறுக மூடிய பாட்டிலில் போக வழியில்லாமல் திரவத்திலேயே கரையும். வீட்டில் பீர் தயாரிக்கப் பழகுகிறவர்கள் உலகெங்கும் பெரும்பாலும் இப்படித்தான் பாட்டிலுக்கு நுரை ஏற்றுகிறார்கள். உண்மையில் மூத்த வழியும் இதுதான். 1767-ல் ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரத்தில் ஒரு பீர் ஆலையின் பக்கத்தில் குடியிருந்தார். புளித்துக்கொண்டிருந்த தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வாயுவில் தண்ணீரைப் பிடித்துவைத்தபோதுதான் அவருக்கு முதல் சோடா நீர் கிடைத்தது. அந்த முறையை அவர் 1772-ல் அச்சிட்டு வெளியிட்டார். பீர்த் தொட்டியின் மூச்சிலிருந்து பிறந்த பானம் சோடா.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பையில் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். 1949-ல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம், இன்று மகாராஷ்டிரா மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது உற்பத்தி செய்வதை அது தடுக்கிறது. உரிமம் வாங்கிய சிறு பீர்ச்சாலைகள் வேறு கணக்கு: 2009-ல் புனேயில் டூலாலி தொடங்கியபின் மும்பையிலும் அப்படிப்பட்டவை வந்துவிட்டன. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டுத் தயாரிப்புக்கு மத்திய அரசின் வரியும் தடையும் நீங்கின. அதனால் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளர்ந்து நியூஜெர்சியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கே கேரேஜில் தொட்டி வைத்துப் பழகுகிறார்கள். இங்கே இருப்பவர்கள் இஞ்சிச் சாற்றையும் கொம்புச்சா என்ற தேநீர்ப் பானத்தையும் புளிக்கவைத்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். இரண்டிலும் பாட்டிலுக்குள் நடப்பது ஒன்றே. அதைப் புரிந்துகொள்ள எவருக்கும் உரிமம் தேவையில்லை.

புதியவர்களின் கவனமெல்லாம் முளைதானியமான மால்ட், கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் என்றே போகும். பாட்டிலில் அடைப்பது கடைசி நாள் வேலை, கழுவி ஊற்றி மூடினால் முடிந்தது என்று நினைப்பார்கள். மூடியைப் போட்ட நிமிடத்தில் இன்னொரு புளிப்பு தொடங்குகிறது, அதை வெளியிலிருந்து நிறுத்த முடியாது. முதல் புளிப்பில் தவறினால் பீர் கெடும். இரண்டாவதில் தவறினால் கண்ணாடி சிதறும். அதனால் இந்தக் கடைசிப் படியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழருக்குப் புளிப்பு புதிதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே ஆக்கிய நெல்மது வருகிறது. அரிசிக் களியை அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, முளைதானிய அடையைப் பிசைந்து, உறுதியான வாய் கொண்ட சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து பிழிந்தெடுக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அடுக்கடுக்காகச் சொல்கிறார். பனையில் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் சாடியிலும் கலயத்திலும் வாயு தேங்கவில்லை, நுரைத்து அடங்கியது. அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடியும், வாயு கசியாத மூடியும் மலிவாகக் கிடைத்த பிறகுதான் அளந்து வாயு அடைக்கும் கலை எல்லோருக்கும் எட்டியது. வில்லியம் பெயின்டர் 1892-ல் காப்புரிமை பெற்ற நெளிவிளிம்புத் தகர மூடிதான் இன்றும் பீர் பாட்டில்களின் தலையில் இருக்கிறது.

கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பீரில் கரைந்திருக்கும் வாயுவை வெளியே எடுத்தால் அது எத்தனை லிட்டர் இடத்தை அடைக்கும் என்று கேட்பார்கள். அந்த எண்ணை ‘மடங்கு’ என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பீருக்கு 2.2 முதல் 2.7 மடங்கு. பழைய ஆங்கிலேய ஏல் வகை பீருக்கு 2-க்கும் கீழே. கோதுமை பீருக்கு 3-ஐத் தாண்டும். ஒரு மடங்கு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் கரியமில வாயு. வெள்ளைச் சர்க்கரை தன் எடையில் பாதியைச் சற்றே தாண்டி வாயுவாகவும், மற்றதைச் சாராயமாகவும் கொடுக்கும். ஆக, ஒரு மடங்கு வாயுவுக்கு லிட்டருக்கு 3.8 கிராம் சர்க்கரை வேண்டும்.

ஆனால் பீர் வெறுமையாகப் பாட்டிலுக்கு வருவதில்லை. தொட்டியில் புளித்தபோது பிறந்த வாயுவில் கொஞ்சம் அதில் மிச்சமிருக்கும். எவ்வளவு என்பது சூட்டைப் பொறுத்தது: 20 டிகிரியில் சுமார் 0.85 மடங்கு, 30 டிகிரியில் சுமார் 0.65. குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதிய கையேடுகள் 20 டிகிரியை மனத்தில் வைத்துத்தான் அளவு சொல்லும். மும்பை வீட்டுச் சூட்டுக்குக் கணக்கிட்டால், 2.5 மடங்கு வேண்டுமென்றால் இன்னும் 1.85 மடங்கு சேர்க்க வேண்டும். அதற்கு லிட்டருக்கு 7 கிராம். 20 லிட்டர் தொட்டிக்கு 140 கிராம். ஒரு 650 மில்லி பாட்டிலுக்கு 4.6 கிராம்தான் வரும். இவ்வளவு சிறிய அளவுதான் பாட்டிலின் மொத்த நுரையையும் தீர்மானிக்கிறது.

இதை ஒவ்வொரு பாட்டிலிலும் கரண்டியால் போடுவது எளிது போலத் தோன்றும். ஒரு கரண்டி குவிந்தும் மறு கரண்டி தட்டையாகவும் இருந்தால் ஒரு பாட்டில் சப்பென்றிருக்கும், மற்றது பொங்கும். போதாததற்கு, உலர்ந்த சர்க்கரை பட்ட இடத்தில் பீர் உடனே நுரைத்து வழியும். மொத்தச் சர்க்கரையையும் ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான வாளியில் ஊற்ற வேண்டும். அதன் மேல் பீர் குழாய் வழியாக, சலசலக்காமல், அடியிலிருந்து ஏற வேண்டும். அது தானாகச் சுழன்று கலந்தபின், நீளக் கரண்டியால் மெல்ல ஒருமுறை கிளறினால் போதும். பீரில் காற்றுக் கலந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி வந்துவிடும். அதனால்தான் பாட்டிலிலும் குழாயின் நுனி அடியைத் தொட்டிருக்கும்படி நிரப்புகிறார்கள். கழுத்தில் ஒரு அங்குலம் காலியாக விடுவது வழக்கம்.

வெல்லமும் கருப்பட்டியும் போட ஆசை வரும். மணம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெல்லத்துக்கு வெல்லம் ஈரமும் சர்க்கரையும் மாறும். நூறு கிராமில் எத்தனை கிராம் ஈஸ்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பழகும்வரை வெள்ளைச் சர்க்கரையே நல்லது, மணத்துக்கு வெல்லம் வேண்டுமென்றால் முதல் புளிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: மூடும் நேரத்தில் முதல் புளிப்பு உண்மையில் முடிந்துவிட்டதா? குமிழ் நின்றால் முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். குமிழை நம்பக் கூடாது. தொட்டியின் மூடி கசிந்தால் வேலை நடக்கும்போதே குமிழ் தெரியாது. பீர் சூடேறினால் வேலை முடிந்தபின்னும் குமிழ் வரும். நம்பத் தகுந்தது ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான். பால்காரரிடம் தண்ணீர் கலந்ததா என்று பார்க்கும் லாக்டோமீட்டரின் உறவுக்காரக் கருவி அது. சர்க்கரை கரைந்த திரவம் அடர்த்தியாக இருப்பதால் கருவி மேலே மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அது கீழே இறங்கும். 1.050-ல் தொடங்கிய பீர் 1.010 பக்கம் வந்து நிற்கலாம். அந்த எண் மூன்று நாள் அசையாமல் நின்றால் மட்டும் பாட்டிலை எடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கடைசி இலக்கத்தில் ஒரு புள்ளி இறங்கினாலே அரை மடங்கு வாயு பிறக்கும். 1.010-ல் நிற்க வேண்டிய பீரை 1.014-ல் அடைத்துவிட்டால், நாம் அளந்து போட்ட சர்க்கரைக்கு மேல் இன்னும் 2 மடங்கு சேரும். 2.5 என்று நினைத்த பாட்டிலில் 4.5 இருக்கும். மும்பைச் சூட்டில் அதன் அழுத்தம் சாதாரண வெளிக்காற்றுக்கு மேல் 6 பாரை நெருங்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). ஷாம்பெய்ன் பாட்டில் அத்தனை கனமாக, அடி குழிந்து வார்க்கப்பட்டிருப்பதே அந்த அளவு அழுத்தத்துக்காகத்தான். பீர் பாட்டிலுக்கு அந்தக் கனம் கிடையாது.

சரியாக அளந்து அடைத்த பாட்டிலும் சூட்டுக்கு ஏற்ப மாறும். அதே 2.5 மடங்கு, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் இருந்தால் அழுத்தம் 0.7 பார். 20 டிகிரியில் 1.9. 30 டிகிரியில் 2.7. பெட்ரோல் பங்க்கில் காருக்கு 32 என்று காற்றடிக்கிறோமே, அது 2.2 பார், மே மாதத்து மும்பை அலமாரியில் நிற்கும் ஒவ்வொரு பாட்டிலும் அந்த டயரைவிட இறுகியிருக்கிறது. மேல்மாடி அறையில், தகரக் கூரையின் கீழே, வெயில் படும் சன்னலோரத்தில் சூடு 38-க்குப் போனால் அழுத்தம் 3.5-ஐத் தொடும். சோடா பாட்டில் வீச்சைப் பற்றிக் கேள்விப்பட்ட தமிழருக்கு அடைபட்ட வாயுவின் வேகத்தை விளக்க வேண்டியதில்லை. தாராவியில் ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குழந்தை தூங்கும் இடத்துக்கு மேல் பரணில் வாயு ஏறும் கண்ணாடியை வைப்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

அதனால் புதியவருக்கு நான் சொல்வது பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான். ஏற்கெனவே வாயு பானம் இருந்த பாட்டிலாக அது இருக்க வேண்டும்; தண்ணீர் பாட்டில் தாங்காது. அதில் ஒளியும் காற்றும் கொஞ்சம் புகும், பல மாதம் வைத்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் கண்ணாடியால் முடியாத ஒன்றை அது செய்கிறது: உள்ளே நடப்பதைக் கைக்குச் சொல்கிறது. அடைத்த அன்று அமுக்கினால் குழையும். வாயு ஏற ஏற இறுகும். கடையில் வாங்கிய புது சோடா போலக் கல்லாகிவிட்டால் வேலை முடிந்தது, குளிர்பெட்டிக்குப் போகலாம். மற்றதெல்லாம் கண்ணாடியில் அடைக்கிற அனுபவசாலிகளும் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைச் சேர்த்து நிரப்பி, அதை அமுக்கிப் பார்த்து மற்றவற்றின் நிலையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

கண்ணாடிதான் வேண்டுமென்றால், நெளிமூடி போடும் பழுப்பு நிற 650 மில்லி பீர் பாட்டில். பழுப்பு நிறம் ஒளியைத் தடுக்கும்; ஒளி பட்ட ஹாப்ஸ் நாறும். பழைய சாமான் வாங்கி விற்கும் பங்கார்காரரிடம் இப்படிப்பட்ட காலி பாட்டில்கள் மலிவாகவே கிடைக்கும். ஆனால் அதற்குள் இடையில் பினாயிலோ மண்ணெண்ணெயோ இருந்ததா என்று அவருக்கும் தெரியாது. கழுத்தில் கீறலோ வாயில் சில்லு பெயர்ந்த தடமோ இருந்தால் அழுத்தம் அங்கேதான் பிளக்கும். திருகுமூடிச் சாராயப் பாட்டிலும் ஜாம் பாட்டிலும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

கழுவுவதற்கும் கிருமி நீக்குவதற்கும் வேறுபாடு உண்டு. அழுக்கு ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் அதன் அடியில் போகாது, அதனால் முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கிருமி நீக்குவது அதற்குப் பிறகு. விட்டுப்போன காட்டு ஈஸ்ட் சாதாரண ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் தின்னும். அப்படித் தின்றால் ஹைட்ரோமீட்டர் காட்டிய முடிவு முடிவாகாது. பல வாரம் கழித்து வாயு மறுபடி ஏறும். முதல் மாதம் அருமையாக இருந்த பீர் மூன்றாம் மாதம் திறந்ததும் ஊற்றாகப் பொங்கினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மும்பையின் சூடு ஒரு பக்கம் வேலையை விரைவாக்குகிறது. 20 டிகிரியில் இரண்டு வாரம் பிடிக்கும் வாயு இங்கே ஒரு வாரத்துக்குள் ஏறிவிடும். மறுபக்கம், முதல் புளிப்பைக் கெடுக்கிறது: வழக்கமான ஏல் ஈஸ்ட் 18-லிருந்து 22 டிகிரிக்குள் ஒழுங்காக நடந்துகொள்ளும், 30-ல் தொண்டையை எரிக்கும் கனமான சாராயங்களை உண்டாக்கும். ஈரத்துணி சுற்றிக் குளிர்விக்கலாம் என்றால், மழைக்கால மும்பைக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கும். துணி காய்ந்தால்தானே குளிரும். தண்ணீர்த் தொட்டியில் பீர்ப் பாத்திரத்தை இறக்கி, உறைந்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுவார்கள் சிலர். நார்வே நாட்டுப் பண்ணைவீடுகள் தலைமுறைகளாகக் காத்துவந்த குவைக் என்ற ஈஸ்ட் 30-லிருந்து 40 டிகிரி வரை சுத்தமாக வேலை செய்கிறது. பனிதேசத்து ஈஸ்ட் நம் வெயிலுக்குப் பொருந்துவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

தாராவி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மதுவிலக்குக் காலத்துச் சாராயம், அதில் பேர்போன தாதா வரதராஜ முதலியாரின் பெயர், அவர் கதையைத் தழுவிய ‘நாயகன்’ படம். அது வேறு தொழில். கறுப்பு வெல்லத்தையும் நவச்சாரத்தையும் ஊறவைத்து, காய்ச்சி வடிப்பது சாராயம். பீரை வடிப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2015 ஜூனில் மாலாடின் மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அது ஆலையில் பிறக்கும் ரசாயனம், சாராயம் என்று விற்கப்பட்டது. தானியத்தைப் புளிக்கவைத்த பீரில் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. வீட்டு பீரின் அபாயம் வாயுவில் இருக்கிறது.

இந்த அபாயம் பீரைவிட இஞ்சிச் சாற்றில் கூடுதல். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பீர் தன் சர்க்கரையைத் தின்று முடித்தபின் பாட்டிலுக்கு வருகிறது. நாம் போட்ட 7 கிராம் தீர்ந்ததும் ஈஸ்ட் தூங்கிவிடும். இஞ்சிச் சாறு குடிக்கும்போது இனிக்க வேண்டும் என்பதால் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையோடு மூடப்படுகிறது. அத்தனையும் புளித்தால் 26 மடங்கு வாயு. எந்தப் பாட்டிலும் அதைத் தாங்காது. அதை நிறுத்துவது குளிர் மட்டுமே, குளிரும் ஈஸ்டைக் கொல்வதில்லை, மந்தமாக்குகிறது. ஆகவே இஞ்சிச் சாற்றுக்குக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். மும்பை வெயிலில் ஒரு நாளிலேயே பாட்டில் இறுகிவிடலாம். காலையும் மாலையும் அமுக்கிப் பார்த்து, இறுகியதும் குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களில் குடித்து முடிக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் போனால் மூடியைத் தளர்த்தி வாயுவை விட்டுவிட வேண்டும்.

சட்டத்தின் எல்லையும் இதே கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2018 விதிகள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் சாராயம் உள்ள பானத்தை மது என்கின்றன. ஈஸ்ட் வாயுவையும் சாராயத்தையும் ஏறக்குறையச் சம எடையில் தருவதால், வாயுவே இல்லாத சாற்றில் 2 மடங்கு வாயு பிறக்கும்போது சாராயமும் 0.5-ஐத் தொட்டுவிடும். கடைச் சோடாவின் உறைப்பு 3.5 மடங்குக்கு மேல். அந்த உறைப்பை ஈஸ்டை மட்டும் நம்பி எட்டினால் 0.9 விழுக்காடு சாராயம் சேர்ந்தே வரும். மாநில மதுவிலக்குச் சட்டமோ சாராயம் கலந்த திரவங்களை இன்னும் அகலமாகவே மது என்று வரையறுக்கிறது. குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரைப் பாகைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, ஏற்றிய சோடாவில் கலப்பதே சரி.

பீர் பாட்டிலுக்குத் திரும்பினால், வாயு ஏறியபின் இரண்டு மூன்று நாள் குளிரில் நிற்கவைப்பதை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. கழுத்தில் தேங்கிய வாயு அப்போதுதான் திரவத்துக்குள் இறங்கும், ஈஸ்ட் அடியில் படியும். பாட்டிலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஊற்றும்போது ஒரே சாய்வில், இடையில் நிறுத்தாமல், கண்ணாடி டம்ளரில் இறக்கி, அடியில் ஒரு விரல் அளவு மங்கலாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடலாம். அந்த மிச்சம் ஈஸ்ட். உடம்புக்குக் கெடுதல் செய்யாது, சிலருக்கு வயிற்று உப்புசம் தரும்.